பட்டறைத் தார்ப்பாயை அவிழ்த்தது நான்

பெயர் ஜெயசுதா. வயது 39. கணவர் பெயர் தமிழரசன். முகவரி துறைமங்கலம், பெரம்பலூர். தொழில் மேல்நிலைப் பள்ளி முதுகலைக் கணித ஆசிரியை. 21.06.2025 சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் காவல் நிலையத்தில் நேரில் ஆஜராகி, சிறப்பு உதவி ஆய்வாளர் திருமதி அம்பிகா விசாரிக்கச் சொன்னது.

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவருடனும் மகள் தென்றலுடனும் குடியிருந்து வருகிறேன். என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன். செட்டிகுளத்தைச் சேர்ந்த குருநாதன் என்பவர், தன் காட்டில் வெங்காயம் சேமித்து வைக்கிற பட்டறையின் தார்ப்பாய் 18.06.2025 புதன்கிழமை மாலை மழையில் அவிழ்ந்து விதை வெங்காயம் முழுவதும் நனைந்துவிட்டது என்றும், அதைக் கட்டிய வேலையாள் முத்துசாமி வேண்டுமென்றே கட்டைத் தளர்வாக விட்டுவிட்டார் என்றும் புகார் கொடுத்திருக்கிறார். முத்துசாமிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முடிச்சுகளை உருவியது நான். காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லும்படி அம்பிகா மேடம் கேட்டார்கள். சுருக்கிச் சொன்னால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மட்டும்தான் தெரியும், ஆகவே நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

குருநாதனின் மருமகள் பூங்குழலி என்னோடு வேலை பார்ப்பவள். அவளுடைய கணவர் துபாயில் இருக்கிறார். அவள் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு நடத்துகிறாள், நான் பதினொன்று, பன்னிரண்டு நடத்துகிறேன். ஆறு வருடமாக மதியச் சாப்பாட்டை இருவரும் பங்கிட்டுத்தான் சாப்பிடுகிறோம். நான் நடத்தினால் பிள்ளைகள் பயந்துகொண்டு படிக்கிறார்கள், அவள் நடத்தினால் சிரித்துக்கொண்டு படிக்கிறார்கள், மதிப்பெண் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான் வருகிறது, ஆனால் ஆண்டு விழாவில் விசில் பறப்பது அவள் பெயருக்குத்தான். சென்ற ஆண்டு விழாவுக்கு என் கணவரும் வந்திருந்தார். பிள்ளைகளோடு சேர்ந்து அவள் மேடையில் ஒரு கணக்கு விளையாட்டு நடத்தியதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வண்டியில் திரும்பும்போது, "பூங்குழலி டீச்சரு சொல்லிக்குடுத்தா எனக்கே கணக்கு வரும்போலருக்கு சுதா" என்றார். நானும் பின்னால் உட்கார்ந்துகொண்டு சிரித்தேன். பதினான்கு வருடமாக ஒரு கணக்கு டீச்சரோடு குடித்தனம் செய்கிற ஆள் என் வகுப்பைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

என் கணவர் ரெட்டிபாளையத்தில் ஒரு சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த முறையில் லாரி ஓட்டி வருகிறார். காலை ஆறு மணி ஷிப்டு என்றால் மதியம் இரண்டுக்கு முடிந்து நான்கு மணிக்கு வீட்டில் இருப்பார். புருவம், காது மடல் எல்லாம் வெள்ளைத் தூசியாக வருவார், குளிக்காமல் நாற்காலியில் உட்கார நான் விடுவதில்லை. சென்ற ஏப்ரல் மாதத்திலிருந்து திங்களும் புதனும் மட்டும் ஏழரை மணிக்கு வந்தார். முகம் கழுவியிருந்தது, தூசி இல்லை, சட்டையில் வெங்காய வாடை அடித்தது.

பெரம்பலூரில் யார் வீட்டில் வெங்காய வாடை இல்லை என்று மேடம் கேட்டார்கள். சமையல் வாடை வேறு, பட்டறை வாடை வேறு. தாள் காய்ந்து, மண்ணும் சருகுமாகக் குவிந்து கிடக்கிற வெங்காயத்தின் காரம் துணியில் ஏறினால் ஒரு அலசலில் போகாது. நான் கேட்டதற்கு, ஆலை வாசலில் வெங்காய லாரிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தியதாகச் சொன்னார். அது பொய் என்று அவர் சொல்லும்போதே தெரிந்தது. அதன் பிறகு அந்த இரண்டு நாட்களில் ஆறிலிருந்து ஏழு வரை அவருடைய போன் அணைந்திருப்பதைக் கண்டுபிடித்தேன். அதன் பிறகு அவருடைய சட்டைப் பையில் ஒரு விபூதிப் பொட்டலம் இருந்தது, அதில் கையில் கரும்போடு நிற்கிற செட்டிகுளத்து முருகன் படம் இருந்தது. அதன் பிறகு, திங்களும் புதனும் மணி அடித்தவுடன் பூங்குழலி என்னோடு வாசல் வரைகூடப் பேசிக்கொண்டு வராமல் செட்டிகுளம் பஸ்ஸுக்கு ஓடுவதைக் கவனித்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் தர்க்கவியல் என்று ஒரு பாடம் உண்டு. எல்லோரும் அதை ஆண்டுக் கடைசியில் நடத்துவார்கள், நான் ஜூன் மாதத்திலேயே நடத்திவிடுவேன், ஏனென்றால் அது புரியாதவனுக்கு மற்ற எதுவும் புரியாது என்பது என் கொள்கை. 17.06.2025 செவ்வாய்க்கிழமை அதில் தேவையான நிபந்தனை, போதுமான நிபந்தனை என்ற பகுதியை நடத்தினேன். மேகம் இல்லாமல் மழை இல்லை, ஆகவே மழைக்கு மேகம் தேவை. மேகம் வந்தால் மழை வந்தே தீருமா, தீராது, ஆகவே மேகம் மட்டும் போதாது. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. கறுத்துக் கூடுகிற மேகமெல்லாம் நம்மைத் தாண்டி வேறு ஊருக்குப் போவதைப் பார்த்துத்தான் அவர்கள் வளர்ந்திருக்கிறார்கள்.

அன்று மாலை வீட்டில் துணி மடித்துக்கொண்டே நான் போட்ட கணக்கை அப்படியே சொல்கிறேன். அவருக்கும் பூங்குழலிக்கும் உறவு இருந்தால் அவர் செட்டிகுளம் போக வேண்டும். போனால் வாடை வரும், நேரம் ஆகும், போனை அணைக்க வேண்டும், என்னிடம் பொய் சொல்ல வேண்டும். வாடை வந்தது, நேரம் ஆனது, போன் அணைந்தது, பொய்யும் சொன்னார். ஆகவே உறவு இருக்கிறது. என் மாணவன் எவனாவது விடைத்தாளில் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் அடித்து, நிபந்தனையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாய் என்று எழுதி, பூஜ்யம் போட்டிருப்பேன். மேகம் ஒன்றல்ல, நான்கு கூடியிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்கு கூடினாலும் அது மழை ஆகாது என்பது எனக்குத் தோன்றவில்லை என்று மேடம் எழுதினார்கள், அதை அடிக்கச் சொன்னேன். தோன்றியது. தோன்றியதை ஒதுக்கிவிட்டேன். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள், எனக்கு மஞ்சள் என்று தெரிந்தும் கண்ணைக் கழுவ மனம் வரவில்லை.

18.06.2025 புதன்கிழமை மதியம் தலைவலி என்று சொல்லி அனுமதி பெற்று, ஸ்கூட்டரில் ஆலத்தூர் கேட் வழியாகச் செட்டிகுளம் போய், மூன்றே முக்கால் மணிக்குக் குருநாதன் காட்டை அடைந்தேன். பூங்குழலி பள்ளியில் இருந்தாள். அவர்கள் வரும்வரை மறைந்திருந்து கையும் களவுமாகப் பிடிப்பது என் திட்டம். காட்டில் யாரும் இல்லை. பட்டறை இருந்தது. கல் அடுக்கி, மேலே மூங்கில் தட்டி பரப்பி, பக்கமெல்லாம் காற்றுப் போகும்படி படல் கட்டி, இரண்டு ஆள் நீளத்துக்கு வெங்காயத்தைச் சேர்த்து வைத்திருந்தார்கள். வெயில் நாளில் திறந்து வைத்து, மழை வரும்போல் இருந்தால் மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டுவது வழக்கம். பச்சைமலைப் பக்கம் மேகம் ஏறியிருந்ததால் முத்துசாமி கட்டிவிட்டுப் போயிருந்தார். பட்டறை ஓரம் ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. கட்டில் மேல் இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

அந்த இரண்டு டம்ளர்களையும் ஒரு முறைக்கு இரண்டு முறை எண்ணினேன். ஊருக்குள் அவ்வளவு பெரிய வீட்டை வைத்துக்கொண்டு காட்டில் கட்டில் எதற்கு என்று நினைத்தேன். அதன் பிறகு காத்திருக்கத் தோன்றவில்லை. தார்ப்பாயின் மேற்குப் பக்கம் நான்கு முடிச்சுகள் இருந்தன, இழுத்தால் கழன்றுவிடுகிற உருவு முடிச்சுகள்தான். ஒவ்வொன்றாக உருவினேன். அவிழ்த்தால் மட்டும் வெங்காயம் நனைந்துவிடாது, மழையும் பெய்ய வேண்டும், மழை என் கையில் இல்லை என்று சொல்லிக்கொண்டேதான் உருவினேன். முந்தின நாள் நடத்திய பாடம் அந்த ஒரு இடத்தில் மட்டும் எனக்குத் தப்பில்லாமல் ஞாபகம் வந்தது. அதன் பிறகு வண்டியை எடுத்தேன், தூரத்தில் ஆடு ஓட்டிக்கொண்டு போன முத்துசாமியின் முதுகுதான் தெரிந்தது. ஆலத்தூர் கேட்டைத் தாண்டும்போது மழை பிடித்தது. ஒரு மணி நேரம் நின்று பெய்தது.

நான் வீட்டுக்குப் போனபோது என் கணவர் எனக்கு முன்பே வந்திருந்தார். மேகம் கட்டியதைப் பார்த்து அன்று செட்டிகுளம் போகவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். தூசி முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டு எழுந்து, "ஏன் சுதா நனஞ்சிக்கிட்டு வர, எங்கயாச்சும் நின்னுட்டு வரக்கூடாதா" என்று துண்டை நீட்டினார். துண்டை வாங்கிய என் கையில் பட்டறை வாடை அடித்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. அந்த வாடை சட்டையில் வந்தால் கள்ளத்தனம் என்பது என் கணக்கு, இப்போது அது என் கையில் இருந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். துண்டைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

மறுநாள் வியாழக்கிழமை பூங்குழலி பள்ளிக்குத் தாமதமாக வந்தாள். கண் வீங்கியிருந்தது. நடவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போது விதை வெங்காயம் மொத்தமும் நனைந்துவிட்டது என்றாள். அதன் பிறகு பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து என் மேசை மேல் வைத்தாள். ஊறி உப்பியிருந்தது. அட்டையில் த. தமிழரசன், கணக்கு என்று என் கணவரின் கையெழுத்தில் இருந்தது.

"திட்டறதுன்னா என்னையத் திட்டுங்கக்கா, அண்ணனத் திட்டாதீங்க. பட்டறைப் படல்ல சொருகி வச்சிருந்தோம், மாமா எடுத்துட்டாரு, இனிமே மறைக்க முடியாது. அண்ணன் பத்தாவதுல கணக்குல பெயிலுக்கா. கல்யாணத்தப்ப பாஸுன்னு சொல்லிட்டாங்களாம். இப்ப ஆலையில பெர்மனென்ட்டுக்குப் பத்தாவது சர்டிபிகேட் கேக்கறாங்க. ஜூலையில துணைத்தேர்வு எழுதுறாரு. கணக்கு டீச்சரக் கட்டிக்கிட்டு, நான் கணக்குல பெயிலுன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சொல்லுவன்னு எங்கிட்ட வந்து அழுதாரு. வூட்டுக்குள்ள ஒக்கார வச்சா ஊரு ஒண்ணு பேசும். அதான் காட்டுல, முத்துசாமி அண்ணன் வெங்காயம் ஆஞ்சிக்கிட்டே பாத்துக்கிட்டு இருக்கையில, அவரு கண்ணெதிரவே சொல்லிக்குடுத்தேன்" என்றாள்.

வகுப்பு நேரத்தில் போனை அணைத்து வைக்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டமாம். விபூதி, பாஸாக வேண்டும் என்று அவர் மலையேறி வேண்டிக்கொண்டதாம். பாஸ் செய்தாலும் வேலை நிரந்தரமாகும் என்று உறுதி இல்லை, செய்யாவிட்டால் ஆகவே ஆகாது என்றும் சொன்னாள். தேவையானது எது, போதுமானது எது என்று புத்தகம் இல்லாமலே என் கணவருக்குத் தெரிந்திருக்கிறது. தென்றல் கணக்கு நோட்டை நீட்டும்போதெல்லாம் "அம்மாவக் கேளு" என்று அவர் எழுந்து போவார், என் படிப்பின் மேல் உள்ள மரியாதை என்று நான் நினைத்திருந்தேன்.

நான் கண்டுபிடித்தவை ஒன்றுகூடத் தப்பில்லை. அவர் செட்டிகுளம் போனார், பூங்குழலியோடு உட்கார்ந்தார், என்னிடம் மறைத்தார், பொய் சொன்னார். அத்தனையும் உண்மை. நான் எட்டிய முடிவு மட்டும்தான் பொய். நிம்மதி வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நோட்டைப் புரட்டும்வரை இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் அவருடைய கணக்கும் அதன் மேல் அவளுடைய சிவப்பு மையும் மழையில் கரைந்து ஒன்றாகியிருந்தன. ஒரு இடத்தில் நன்று என்றும், ஒரு இடத்தில் மறுபடி போடுங்க அண்ணா என்றும் இருந்தது. எங்கள் வீட்டு அலமாரியில் சிவப்புப் பேனா ஒரு டஜன் இருக்கிறது. தார்ப்பாயைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அன்று மாலை நோட்டை அவர் முன் வைத்தேன். மீதிப் பாடத்தை நான் சொல்லித் தருகிறேன் என்றேன். "வேணாம் சுதா, இந்தப் பரீட்ச வரைக்கும் அவங்ககிட்டயே படிச்சிக்கிறன். அவங்ககிட்ட தப்பாப் போட்டா சிரிச்சிட்டு மறுபடி போடச் சொல்லுவாங்க. ஒங்கிட்ட தப்பாப் போட பயமாருக்கு" என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பூங்குழலி போன் செய்தாள். குருநாதன் முத்துசாமியைப் போன வாரம் ஏதோ திட்டியிருக்கிறார், அந்தக் கோபத்தில்தான் கட்டைத் தளர்வாக விட்டான் என்று புகார் கொடுத்துவிட்டார், போலீஸில் அழைத்துப் போய்விட்டார்கள் என்றாள். அதன் பிறகு, "மாமா சொல்றாரு, கட்டு சரியில்லன்னா தார்ப்பாய் அவுந்துக்கும், அவுந்துருக்கு, அப்ப கட்டு சரியில்லங்கறாரு. எனக்கு என்னமோ இடிக்குது. நீங்கதான தர்க்கம் நடத்துறீங்க, இது சரியா தப்பா சொல்லுங்கக்கா, நான் அவர்கிட்ட பேசறன்" என்றாள். தப்பு என்று சொன்னேன். கட்டு சரியாக இருந்தும் வேறு காரணத்தால் அவிழ்ந்திருக்கலாம் என்று சொன்னேன். வேறு என்ன காரணம் என்று அவள் கேட்டாள். போனை வைத்துவிட்டேன். குருநாதன் போட்டது அச்சு அசலாக என்னுடைய கணக்கு, ஆள் மட்டும் வேறு. என் கணக்கில் என் வீட்டு மானம் போயிருக்கும், இந்தக் கணக்கில் அறுபது வயதை நெருங்குகிற மனிதர் ராத்திரி முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

இன்று காலை, முத்துசாமிக்காகப் பேசப் போகிறேன் என்று சொன்னதால் என் கணவரே என்னை வண்டியில் அழைத்து வந்தார். குருநாதனைச் சமாதானம் செய்ய அழைத்துக்கொண்டு பூங்குழலியும் வந்திருக்கிறாள். அவர்களை வெளியே விட்டு நான் மட்டும் உள்ளே நுழைந்தபோது பெஞ்சில் இருந்த முத்துசாமி என்னைக் கண்டு எழுந்து நின்று, "டீச்சரம்மா, நீங்க எதுக்கு இங்கெல்லாம் வரீங்க. போங்க. வெங்காயந்தான, போனாப் போவுது" என்றார். புதன்கிழமை ஆட்டை ஓட்டிக்கொண்டு போனவர், நான் வண்டியில் திரும்பியதைப் பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் பார்த்திருந்தால் சொல்லியிருப்பார், சொல்லவில்லை, ஆகவே பார்க்கவில்லை என்று மூன்று நாளாக நம்பிக்கொண்டிருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "புருசனத் தேடிக்கிட்டு வந்த பொம்பளையப் போயி ஸ்டேஷன்ல காட்டிக் குடுப்பாங்களா" என்றார். அதைக் கேட்டு அங்கேயே நின்று அழுதேன். அம்பிகா மேடம் தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன்.

இந்த வாக்குமூலத்தால் என் வேலைக்கு ஆபத்து வரும் என்று மேடம் எடுத்துச் சொன்னார்கள். தெரியும் என்றேன். நோக்கம் என்ற இடத்தில் சந்தேகம் என்று எழுதட்டுமா என்றார்கள். சந்தேகம் வியாழக்கிழமை நோட்டைப் பார்த்தவுடன் தீர்ந்துவிட்டது. பொறாமை என்று எழுதச் சொன்னேன்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வழியாக வெளியே வேப்பமரத்தடி தெரிகிறது. தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது என்பதால் காத்திருக்கிற நேரத்தை வீணாக்காமல் என் கணவர் காய்ந்த நோட்டை மடியில் விரித்து வைத்திருக்கிறார். பூங்குழலி பக்கத்தில் நின்று பேனாவால் எதையோ காட்டுகிறாள், அவர் தலையாட்டுகிறார், இருவரும் ஒரே நேரத்தில் சிரிக்கிறார்கள். தார்ப்பாயை அவிழ்த்தது யார் என்று இருவருக்கும் இன்னும் தெரியாது. கையெழுத்துப் போட்டவுடன் நான் போய்ச் சொல்ல வேண்டும். அவர்கள் சிரிப்பதை வைத்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. ஆனாலும் வயிறு எரிகிறது. அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

எழுதியதை மேடம் படித்துக் காட்டக் கேட்டேன். அடிக்கச் சொன்ன ஒரு வரி அடிக்கப்பட்டிருக்கிறது, மற்றதெல்லாம் நான் சொன்னபடி இருக்கிறது. நான் சொன்னது அத்தனையும் உண்மை, இந்த முறை முடிவும் உண்மை. முத்துசாமியை அனுப்பிவிடுங்கள்.

(ஒப்பம்) த. ஜெயசுதா
என் முன்பாக: அம்பிகா, சிறப்பு உதவி ஆய்வாளர்